விருப்பங்கள் என்றொரு கட்டம்

ஏப்ரலில் நாற்பத்து மூன்று பொரித்தன.
எட்டாம் வாரம் கால்வளையம் மாட்டும்போது
முப்பத்தொன்பது.
இரண்டை நரி கொண்டுபோனது.
இரண்டை நான்:
கொண்டையின் பக்கவாட்டில் வேண்டாத ஒரு முளை.

லாக்கன்ஃபெல்டர்.
கழுத்து கறுப்பு, வால் கறுப்பு,
நடுவே உடம்பெல்லாம் வெள்ளை.
இலக்கணப் புத்தகத்தில் விஷயம் இவ்வளவுதான்.
கறுப்பு எந்த இறகோடு நிற்கவேண்டும் என்று
தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பார்க்கிறார்கள்,
கோழி கேட்டபாடில்லை.
வெள்ளைக்குள் புள்ளி தெறித்தால்
சங்கத்தில் அதற்கு மிளகு என்று பெயர்.

ரிந்தெல்ன் சங்கத்தில் எனக்கு இது பதினோராவது வருடம்.
முதல் வருடம் கேக் வெட்டினேன்.
அடுத்த வருடம் கூண்டு கழுவினேன்.
அதற்கடுத்த வருடம் ஹார்ட்விக் பாட்டர்மனுக்கு
முதுகெலும்பில் அறுவை. ஒரு சேவல், நாலு பெட்டை
அட்டைப்பெட்டியில் என் வாசலுக்கு வந்தன.
"கொத்துவான்" என்று மூடிமேல் எழுதியிருந்தது.
கொத்தினான்.

இந்த நாட்டில்
தூய இனம் என்ற சொல்லை
கோழியைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான்
குரல் தாழ்த்தாமல் சொல்கிறார்கள்.
நானும் சொல்வேன்.
சொல்லிவிட்டு ஒருமுறை சுற்றிப் பார்ப்பேன்.

செப்டம்பர் கத்தியின் மாதம்.
விரல் கோணியவன் ஞாயிற்றுக்கிழமை குழம்பானான்.
காதுமடலில் வெள்ளை போதாதவள் அதற்கடுத்த ஞாயிறு.
கண் நிறம் வெளிறிய மூவரை
பக்கத்து வீட்டு குட்ரூனுக்குக் கொடுத்தேன்,
அவளுக்கு முட்டை வந்தால் போதும்,
கண்ணைப் பார்க்கமாட்டாள்.
கை நடுங்கியதா என்று கேட்காதீர்கள்.
கறிக்கு வெங்காயம் வதக்கும்போது
எனக்குப் பசித்தது.

மிஞ்சியது ஆறு.
ஆறில் ஒருத்தி இவள்.

கண்காட்சிக்கு முந்தின இரவு
குளியலறைத் தொட்டியில் குழந்தை ஷாம்பு,
நகத்துக்குப் பல்துலக்கி, கொண்டைக்கு எண்ணெய்.
ஹெயர் டிரையர் சூட்டில் இறகு மலர்ந்தபோது பார்த்தேன்.
முதுகில், இரண்டு செட்டைக்கும் நடுவே,
ஒரே ஒரு கறுப்பு இறகு.
சாமணம் கைக்கெட்டும் தூரத்தில்.
பிடுங்கினால் மோசடி,
விட்டால் மூன்று புள்ளி போகும்.
அவள் என் மணிக்கட்டில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.
நேர்மை என்று சொல்லமாட்டேன்.
கையை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

துப்பாக்கிச் சங்க மண்டபம். மரத்தூள். நானூறு தொண்டை.
கூண்டு நூற்றுப் பதினான்கு.
நடுவர் ரோஸ்விதா டோனியஸ், வெள்ளை அங்கி,
கையில் மெல்லிய குச்சி.
மதிப்பீட்டு அட்டையில் மூன்று கட்டம்:
நிறைகள். விருப்பங்கள். குறைகள்.

எத்தனையோ தேர்வு எழுதியிருக்கிறேன் இங்கே.
மொழித் தேர்வு, கார் ஓட்டும் தேர்வு,
குடியுரிமைக்கு முப்பத்து மூன்று கேள்வி.
எதிலும் அந்த நடுக்கட்டம் இருந்ததில்லை.
சரி, அல்லது பிழை.
இப்படியும் இருந்திருக்கலாமே என்று
எந்த அதிகாரியும் எனக்கு எழுதித் தந்ததில்லை.

ரோஸ்விதா குச்சியால் வாலைத் தூக்கினாள்.
அவள், என் பெட்டை,
குந்தினாள்.
ஒரு நிமிடம் மண்டபமே காத்திருந்ததுபோல எனக்கு.
மரத்தூளில் முட்டை விழுந்தது,
சுண்ணாம்பு வெள்ளை, ஈரம் காயாமல்.
அதன்பின் அவள் போட்ட கூச்சலில்
நூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்று இருபது வரை
எல்லாக் கூண்டும் சேர்ந்துகொண்டது.

அட்டையில் முட்டைக்குக் கட்டம் இல்லை.
ரோஸ்விதா மூன்றையும் ஒருமுறை தடவிப் பார்த்தாள்,
எழுதினாள்.
நிறை: நல்ல உடல்வாகு, நீலச்சாம்பல் கால்.
விருப்பம்: கழுத்துக் கறுப்பு இன்னும் கூர்மையாக முடியலாம்.
குறை: முதுகில் மிளகு.
தொண்ணூற்று இரண்டு.

கோப்பை பூக்கெபுர்க்காரனுக்குப் போனது.
முட்டை என் கோட்டுப் பையில் வந்தது,
வெஸர் பாலம் தாண்டும்வரை சூடாக.
அவளை எந்தப் பக்கம் விடுவது,
இனச்சேர்க்கைக் கூண்டா, குழம்பா,
இன்னும் முடிவெடுக்கவில்லை.

காலையில் அவித்து இரண்டாக வெட்டினேன்.
உப்பு.
பிறகு ஆலையைத் திருகினேன்,
வெள்ளைமேல் மிளகு, நிறைய,
ஒழுங்கில்லாமல்.
நன்றாகத்தான் இருந்தது.