மாடிக்குக் காசில்லை

வடக்குச் சித்திரை வீதியில்
தொப்பியும் வியர்வையுமாய் நின்றவரிடம்
வழக்கமான முதல் வரியைச் சொன்னேன்:
"மாடியிலேர்ந்து கோபுரம் தெரியும், காசில்லை."

மூன்று தளம். வழியெல்லாம் சால்வை, பித்தளை,
சந்தனமில்லாத சந்தன யானை.
எதையும் பார்க்காமல்
படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார்.

மேலே தண்ணீர்த் தொட்டி, கேபிள் ஒயர்,
மொட்டை மாடிக்கு எதிரே மொட்டைக் கோபுரம்.
எந்த ஊர் என்றேன்.
ஃபெஸ், மொராக்கோ.
எனக்குத் தெரிந்த மொராக்கோ கால்பந்து மட்டும்தான்;
அதைச் சொன்னேன்.

அங்கே இத்ரீஸின் மாமா கடை மாடியிலிருந்து
தோல் ஊறும் தொட்டிகள் தெரியுமாம்:
மஞ்சள், சிவப்பு,
புறா எச்சம் கரைத்த வெள்ளை.
நாற்றத்துக்கு மூக்கில் வைத்துக்கொள்ள
ஒரு கொத்துப் புதினா. காசில்லை.
பன்னிரண்டு வயதில்
அந்தக் கொத்தை நீட்டியவர் இவர்.
"செருப்பு விற்பது இறங்கும்போதுதான்" என்றார்.

சிரித்தபடியே இறங்கினோம்.
இருந்தாலும் என் கை சும்மா இருக்கவில்லை,
இரண்டாம் தளத்தில்
ஒரு சால்வையை உதறி விரித்துவிட்டது.

அவர் விலை கேட்கவில்லை.
ஓர் ஓரத்தைப் பிடித்தார், எதிர் ஓரத்தை நான்.
நூல் பிரிந்த முனை
உள்பக்கம் போகும்படி
நாலாய் மடித்து
அடுக்கின் மேல் வைத்தார்.