மேசையின் அடிப்பக்கம்

கோத்தகிரி எஸ்டேட் ஏலத்தில் எடுத்த ஓக் மேசை
அனுப்பர்பாளையத்தில், எங்கள் கார் நிற்கும் இடத்தில்,
கால்களைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடக்கிறது.
கார் பத்து நாளாய் வெயிலில்.

பச்சைப் பெயிண்ட், அதன் கீழே வெள்ளை,
அதற்கும் கீழே ஆறிய டீயின் ஆடைபோல் ஏதோ ஒன்று.
எல்லாம் சுரண்டி முடித்த பிறகு வந்தது மரம்.
ரேகைக்குக் குறுக்கே வெள்ளிக் கீற்றுகள்;
தேக்கில் நான் பார்த்ததில்லை.

முதல் தப்பு என்னுடையது.
தூசி போகட்டுமென்று போர் தண்ணீரில் துடைத்தேன்.
விடிந்தால், மைக்கூடு கவிழ்ந்த மாதிரி நீலக்கறுப்பு.
"துவர்ப்பு மரமுங்க மேடம். இரும்புத் தண்ணி ஆகாது"
என்றார் பாலிஷ்கார ஆரோக்கியம்,
கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு என்று
பரீட்சையில் எழுதித் தேறியவளிடம்.
ஆக்சாலிக் ஆசிட் இரண்டு தடவை.
பாதிதான் போனது.

அப்புறம் அடிப்பக்கத்தில் ஆறு சதுரம்.
சாக்பீஸில் ஏ முதல் எஃப் வரை எழுதினேன்,
சாயப்பட்டறை லேபில் எழுதுகிற அதே கையெழுத்தில்.
அரக்கு அழகு; சூடான டம்ளர் வைத்தால் வெளுத்துவிடும்.
மெலமைன் போட்ட சதுரம்
கல்யாண மண்டபத்து நாற்காலியாகிவிட்டது.
செந்தூரனுக்கு மேட் பி.யு.
மகளுக்கு அந்தக் கறையே போதுமாம்.
எஃப், மாமியார் சொன்ன தேங்காயெண்ணெய்:
காயவில்லை, எறும்புதான் வந்தது.

டியூப் லைட்டில் பார்த்தேன். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
ஐந்தரை மணி வெயில் ஷட்டருக்குள் சாய்ந்தபோது
ஏ-வும் சி-யும் ஒரே நிறம்.
விளக்கைப் போட்டால் வேறு வேறு.
வேலையில் இதற்குப் பெயர் குறை.
வெளிச்சத்துக்கு ஒரு நிறம் காட்டும் துணியை
பேசாமல் திருப்பியனுப்பிவிடுவேன்.

"ஏனுங் மேடம், ஒண்ணச் சொல்லிப்போடுங்க.
அவிநாசியில கதவு வேலை நிக்குது."

சி என்றேன். ஆளிவிதை எண்ணெய்.
கோட்டுக்குக் கோட்டு நாலு நாள் காயணும்.
பையிலிருந்து பனியன் வேஸ்ட் எடுத்துத் தோய்த்தார்.
அந்தப் பவளச்சிவப்பு எனக்குத் தெரியும்:
மார்ச்சில் நான் ஏழு தடவை திருப்பியனுப்பியது.
அரை இழை மஞ்சள் கூடிவிட்டதென்று.
டையிங் மாஸ்டர் வரதராஜு இரண்டு இரவு
லேபிலேயே படுத்திருந்தார்.
எண்ணெய் ஊறிய துணி கறுத்து, மரத்தின்மேல் போய் வந்தது.
எந்த மஞ்சளும் கண்ணுக்குத் தெரியவில்லை.
முடிந்ததும் ஆரோக்கியம் அதை வாளித் தண்ணீரில் அமுக்கினார்.
சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்குமாம்.

கறை போகவில்லை.
எண்ணெய் பட்டதும் இன்னும் கொஞ்சம் ஆழமாய்ப் போய் உட்கார்ந்துகொண்டது.
நாலு பேர் தூக்கி மேசையைத் திருப்பி நிறுத்தினார்கள்.
எழுத்துகளை அழிக்க மறந்துவிட்டேன்.

சாப்பிடும்போது இடது கை தன்னால் அடியில் போகிறது.
எஃப் இன்னும் பிசுபிசுக்கிறது.