மருந்து என்ற பத்தி

நாரின் நகரில் அன்றிரவு மைனஸ் இருபத்தெட்டு.
ஐஜார்க்கினுக்கு வலி முழுக்க முதுகில்.
முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கையை ஊன்றினேன்.
"இன்னும்" என்றாள்.
"எடுத்தாயோ, கொன்றுவிடுவேன்" என்றாள்.
எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு என் மணிக்கட்டு கைவிட்டது.
நடைபாதையில் நின்ற மக்சாத்தை உள்ளே இழுத்தேன்.
லாரி டயர் கழற்றுகிறவன்,
மனைவியைத் தொடப் பயந்தான்.
டென்னிஸ் பந்தொன்றைக் கொடுத்து இடம் காட்டினேன்.
கொஞ்ச நேரத்தில் பந்தை வீசிவிட்டு
முஷ்டியை ஊன்றினான்,
அவள் மூச்சுக்குத் தன் மூச்சையும் விட்டபடி.

விடியலில் பெண்.
துடைத்து, தாய் மார்பில் கவிழ்த்து,
இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பளி.

பதிவேட்டில் ஒரு பத்தி:
வலிக்குத் தந்த மருந்து, அளவு, நேரம்.
கோடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.
ரொட்டி மாவு பிசைய வரவில்லை.
"கையில் அடியா?" என்றான் மகன்.
"டோஸ் கொஞ்சம் அதிகம்" என்றேன்.
அவனே பிசைந்தான், உப்பை மறந்து.

மூன்றாம் நாள்
குதிகாலில் ரத்தம் எடுக்க வந்தார்கள்.
"பொறுங்கள், பால் குடிக்கட்டும்."
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.
பிறகு குத்தினார்கள்.
உறிஞ்சல் நின்றது. புருவம் சுருங்கியது,
யாரோ கதவைத் தட்டியதுபோல.
யாருமில்லை என்று
மறுபடி குடிக்கத் தொடங்கினாள்.