இருபத்துமூன்று மணி நேரம்

ஆறு செவ்வாய்கள் மாக்கட்டு.
ஒவ்வொரு திங்கள் இரவும் குசினித் தொட்டியில்
வெந்நீரில் ஊறவைத்து, சுற்றுச் சுற்றாகப் பிரித்தேன்.
முந்திரிப் பருப்பாய் உள்ளே வளைந்திருந்த பாதம்
வாரத்துக்கு ஒரு விரற்கடை வெளியே வந்தது.

இப்போது சப்பாத்து இரண்டும் ஒரே கம்பியில்.
வின்னிபெக் குளிருக்கு வாங்கிய பனியுடுப்பில்
கம்பி நுழையாது.
கால்களை வெட்டிச் சாக்காகத் தைத்தான் நிரூபன்.
தையல் கோணல்.

பஸ்ஸில் ஒருத்தி கேட்டாள்:
விழுந்துவிட்டாளா?
இல்லை, பிறக்கும்போதே இப்படி.
நீ என்ன செய்தாய் என்று அவள் கேட்கவில்லை.
அதை நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்
இறங்கும்வரை.

இரவு மூன்று மணி. ஆரணி
கம்பியால் கட்டிலை இடிக்கிறாள்.
டங். டங்.
கீழ்வீட்டுக் கோவல்ச்சுக் அம்மா
துடைப்பக் கட்டையால் முகட்டைத் தட்டுகிறாள்.
இவள் நிறுத்தி, காது கொடுத்து,
இன்னும் பலமாகப் பதில் சொல்கிறாள்.

மாலை ஐந்திலிருந்து ஆறுவரை எங்களுக்கு.
பட்டைகளைக் கழற்றுகிறேன்.
குதிகாலில் சிவந்த கோடு, புளித்த பால் மணம்.
பிரிந்துபோகத் தெரியாமல்
காற்றில் சேர்ந்தே ஆடுகின்றன இரண்டு கால்களும்.
பிறகு வலது பெருவிரலைப் பிடித்து
வாய்க்குள் வைத்துக்கொள்கிறாள்.

ஆறு மணி.
ஆறு ஐந்து.
டாக்டரிடம் சொல்ல வேண்டாம்.