தன்மை ஒருமை

ஜெலுத்தோங் சாலை, சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
வியாழன் இரவு எட்டு மணி.
பத்து நாற்காலி, கழுத்து ஒடிந்த மின்விசிறி,
கோப்பிக் காசு போட ஒரு மைலோ டின்.

அவர் பெயர் அமிர்தலிங்கம்.
எழுத்து எழுத்தாக விரலில் சொன்னால் விடிந்துவிடும்.
சிநேகிதர்கள் சுருக்கி வைத்தது:
இடது புருவத் தழும்பின் மேல் இரண்டு விரல்.

அவர் கையால் சொல்வதை
நான் வாயால் சொல்ல வேண்டும்.
தொழிலில் ஒரு விதி உண்டு:
'அவர் குடித்தார்' என்று சொல்லக் கூடாது.
'நான் குடித்தேன்.' அப்படித்தான்.

ஆகவே இரண்டு வருஷமாக, வியாழன்தோறும்,
நான் சம்சு குடித்தேன்.
பிறையில் இரவு ஷிப்ட் முடிந்து
பட்டர்வொர்த் படகுத்துறைப் படியில் கிடந்தேன்.
மகளின் டியூஷன் காசு நூற்றிருபது வெள்ளியை
மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தேன்.
ஊமை என்று கூப்பிட்டவனின் மூக்குக் கண்ணாடியை உடைத்தேன்.
விட்டுவிடலாம் என்று ஐந்து இடங்களில் போய் நின்றேன்;
பேச ஆளோடு வாங்க என்று
ஐந்து இடத்திலும் தாளில் எழுதிக் காட்டினார்கள்.

பிந்தி வந்த புது ஆள் ஒருவர்
இடைவேளையில் என் கையில் பிஸ்கட்டைத் திணித்து
"பொம்பளப் பிள்ளைக்கு ரொம்பக் கஷ்டம்லா" என்றார்.
அதையும் கைமாற்றிச் சொன்னேன்.
அமிர்தலிங்கம் தோள் குலுங்கச் சிரித்தார்.
அவரிடம் சத்தம் உள்ளது அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

ஆரம்ப மாதங்களில் விரல்கள் நடுங்கும்.
நடுங்கும் கை என்பது திக்கும் வாய்.
இரண்டு உள்ளங்கையையும் சாய்த்து 'வீடு' என்பார்;
கூரை நிற்காது.

ஒருநாள் சொன்னார்
(சொன்னேன்):
குடியை விட்ட மூன்றாம் நாள், மருத்துவமனையில்,
விழுந்துவிடுவேன் என்று
கைகளைக் கட்டிலோடு கட்டினார்கள்.
கெட்டவர்கள் இல்லை. தாதி நெற்றியைத் துடைத்துவிட்டாள்.
சுவர் முழுக்க எறும்பு ஏறியது. சொல்ல வேண்டும்.
கட்டியது வாயை என்று
அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

இதை 'நான்' போட்டுச் சொல்லி முடிக்க
இரண்டு தடவை தண்ணீர் கேட்டேன்.

இன்னொரு விதி: இங்கே கேட்டது வெளியே போகாது.
சரி.
உள்ளே போவதைப் பற்றி விதி எதுவும் எழுதவில்லை.
தூங்குவதற்கு ஒரு மாத்திரை.
அப்புறம் ஒன்றரை.
அப்புறம் அரைகளை எண்ணுவதை விட்டுவிட்டேன்.
மறுநாள் காலை கோர்ட்டில் வேறொருவருக்கு 'நான்',
மாலை கிளினிக்கில் ஒரு கர்ப்பிணிக்கு 'நான்'.
எனக்கென்று அந்தச் சொல்
எந்தக் கிழமையும் காலியாக இல்லை.

போன வியாழன் நல்ல மழை. ஆறு பேர்தான்.
அமிர்தலிங்கத்தின் முறை வந்தது.
இன்றைக்கு ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டி
கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.
தகரத்தில் மழை விழும் சத்தம்.
அப்போது என் வாய் சொன்னது:
"நான் எண்ணுவதை விட்டு நாலு மாதமாச்சு."

எல்லாரும் தலையசைத்தார்கள்.
யாரோ "பரவாயில்ல, வந்துட்டீங்கல்ல" என்றார்,
அவரைப் பார்த்து.

அவர்
அசையாத தன் கைகளைப் பார்த்தார்.
அசைந்து நின்ற என் உதட்டைப் பார்த்தார்.
ஒரு விரலைத் தன் நெஞ்சில் வைத்து,
புருவம் உயர்த்தி:
நான் என்ன சொன்னேன்?

என் கையை எடுத்தேன்.
'மாத்திரை'க்கு விரல்கள் கூடவில்லை.
'இரவு' பாதியில் விழுந்தது.
அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு
முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.
திக்குவாயைக் கேட்டுப் பழகியவர்.

மறுபடி, என்றார். மெதுவாக.

அதைக் குரலில் சொல்ல
அந்த அறையில் ஆளில்லை.