புள்ளி இரண்டு

சிம் லிம் டவர், மூன்றாம் மாடி.
ஏர்கான் சொட்டும் வாளிக்குப் பக்கத்தில் என் மேசை.
திருமதி குவெக் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து வைத்தார்,
பழைய செய்தித்தாளில் சுற்றி,
சந்தையிலிருந்து மீன் வாங்கி வந்தவர்போல.

பின்பக்கம் நாற்பது ஊசி.
சரியாகச் சொன்னால் முப்பத்தொன்பது.
இருபதாவதன் இடம் காலி.
தலைகீழாய் யாரும் செருகிவிடக் கூடாதென்று
ஒரு பல்லைப் பிடுங்கியே அனுப்பியிருக்கிறார்கள்.

இதற்கான கேபிளை இப்போது தேடித்தான் பிடிக்கவேண்டும்.
என் டிராயரில் ஒன்று உண்டு.
சாம்பல் நிறப் பட்டை, விளிம்பில் குங்குமக் கோடு.
உள்ளே எண்பது கம்பி.
நாற்பது ஊசிகளுக்குப் போகும்.
மற்ற நாற்பதும் இடையிடையே சும்மா கிடக்கும்.
சும்மா கிடப்பதுதான் அவற்றின் உத்தியோகம்:
பக்கத்துக் கம்பி பேசுவது
இந்தப் பக்கம் கசியாமல்.

சேர்ந்து ஓடுவதில் அதுதான் தொல்லை.
அதைவிடப் பெரிய தொல்லை, காத்திருப்பது.
பதினாறு பிட்டும் ஒன்றாகத்தான் கிளம்பும்.
ஒன்று மட்டும் மயிரிழை பிந்தும்.
அதற்காகப் பதினைந்தும் வாசலில் நிற்கும்.
ஞாயிற்றுக்கிழமை தேக்காவில்
குடும்பத்தோடு பஸ் ஏறிப் பாருங்கள், புரியும்.

பிறகு ஒல்லிக் கேபிள் வந்தது.
ஏழே கம்பி.
காலை எட்டு மணிக்கு டோபி காட் எஸ்கலேட்டரில்
இடப்பக்கம் ஒதுங்கிய சனம்போல
ஒன்றன்பின் ஒன்று; ஆனால் பறக்கும் வரிசை.
செய்தி கொண்டுபோகும் கம்பி தனியாய் வராது, ஜோடி.
ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்.
வழியில் எந்த இரைச்சல் மோதினாலும்
இரண்டின் மேலும் ஒரே அளவுதான் மோதும்.
வாங்குகிற முனை ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்.
மிஞ்சுவது செய்தி.

இதில் எதையும் திருமதி குவெக்கிடம் சொல்லவில்லை.
எழுந்தால் அறுபது வெள்ளி, எழாவிட்டால் இருபது
என்று மட்டும் சொன்னேன்.

ஜம்பரை மாற்றினேன்.
அகலத்திலிருந்து ஒல்லிக்கு ஓர் அடாப்டர்.
தட்டு சுழன்றது, மூன்று முறை தும்மியது,
பிடித்துக்கொண்டது.

அவர் கேட்டது ஒரே ஒரு கோப்பு.
2003, மே. சார்ஸ். வீட்டுக்குள் பத்து நாள்.
நெடுக்காக இரண்டு வரிசை: அவர், அவர் கணவர்.
காலை 36.4, 36.6.
மாலை 36.7, 36.9.
காலை 36.3, 36.5.

கீழே போகப் போக மௌஸைப் பிடித்த கை நின்றது.
பத்து நாளும் அதே புள்ளி இரண்டு.

"அந்த மனுஷன் அளக்கவே இல்லை" என்றார் குவெக்.
"காய்ச்சல் என்று காட்டிவிட்டால்
தனியாகக் கூட்டிப்போய்விடுவார்களே என்று பயம்.
என் எண்ணைப் பார்த்து, கொஞ்சம் கூட்டி எழுதிவிடுவார்."

அப்போதே தெரியுமா உங்களுக்கு?

"முப்பது வருஷம் கணக்கெழுதியவள் லா.
எனக்குக் கழிக்கத் தெரியாதா?"

தம்ப் டிரைவ் வேண்டாமாம், காகிதத்தில் வேண்டுமாம்.
பிரிண்டர் வரிவரியாகத் துப்பியது.
மடிக்காமல், சுருட்டாமல்,
இரண்டு கையாலும் பிடித்தபடி லிப்டுக்குப் போனார்.

வாளி நிறைந்திருந்தது.
கொட்டிவிட்டு வந்தேன்.