ஏழாம் எண்ணின் மண்

வியாழன் இரவு.
ஆறு இயந்திரங்களும் ஒரே சுருதியில் உருள்கின்றன.
நவம்பர் மண் பொல்லாதது.
உறைந்து, உடைந்து, நூலுக்குள் குடியேறிவிடும்.
வெந்நீரில் ஒரு தரம், பச்சைத் தண்ணீரில் இரண்டு தரம்,
அப்புறமும் முழங்கால் மடிப்பில் ஒரு பழுப்பு மிச்சமிருக்கும்.

ஆர்லோவின் மதுக்கடைப் பெட்டியில்
நாளை ஆறு மணிக்குள் கணிப்புத் தாள் விழவேண்டும்.
ஐந்து டாலர், ஐந்து ஆட்டம்.
பத்து வாரமாக நான் முதலிடம்.
தபால்கார ஓட்டிஸ் இரண்டு புள்ளி பின்னால்.
"துணி துவைக்கிறவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், வெர்னா?"
துவைக்கிறவளுக்குத் தெரியாமல்
வேறு யாருக்குத் தெரியும், ஓட்டிஸ்?

முதல் ஆட்டம், வெள்ளி இரவு.
மேரோ டெக்கும் பைன் ஹாலோவும்.
ஆளுக்கு எட்டுத் தோல்வி.
பெற்றவர்களைத் தவிர
வேறெவரும் பார்க்கப்போவதில்லை.
மேரோ. சொந்த மைதானம்,
அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

சனி நண்பகல், லாங்மூரில் கிரேசன் ஸ்டேட்.
பத்தும் வென்று வருகிறது கிரேசன்,
பத்தும் உயரே எறிந்து வென்றவை.
ஏரிக்காற்று மணிக்கு முப்பது மைல் என்கிறது வானொலி.
லாங்மூருக்குப் பன்னிரண்டாவது ஆளாய்
அது இறங்கும்.
ஊரே கிரேசன் என்று எழுதும்.
நான் லாங்மூர் என்று எழுதுகிறேன்,
பென்சிலில் அல்ல, மையில்.

மூன்று மணிக்கு செயின்ட் ஆல்டன், வாக்கர் ஃபால்ஸ்.
பெயர்தான் கால்பந்து.
காலுக்கு வேலை வருவது
எல்லாக் கைகளும் ஓய்ந்த பிறகு.
ஆல்டனின் உதைப்பவன்
போன வாரம் இருபத்தெட்டு கஜத்தில் தவறவிட்டான்.
தலைக்கவசத்தைக் கழற்றாமலே
பேருந்தில் ஏறியதைக் காட்டினார்கள்.
ஆல்டன்.
இதைக் கணிப்பில் சேர்க்காதீர்கள், வேண்டுதல்.

நான்காவது மேற்குக் கடற்கரையில்,
நான் குறட்டை விடும் நேரத்தில் முடிவது.
காசைச் சுண்டினேன். தலை.

ஐந்தாவது நாங்கள்.
ரெட்ஃபெர்ன் வருகிறது.
ஜெயித்தால் டிசம்பரில் இன்னோர் ஆட்டம்.
தோற்றால் சனி ராத்திரியே
தலைக்கவசங்களை எண்ணிப் பூட்டிவிட்டு
ஞாயிறன்று நான் நிம்மதியாகத் தூங்கலாம்.

பயிற்சியாளர் ஹல்சி
மதியம் கேமராவைப் பார்த்துச் சொன்னார்:
"டேரியன் தோள் குணமாகிவிட்டது,
வாரம் முழுக்க எறிந்தான்."
ஏழாம் எண் சட்டை
செவ்வாயன்று மடிப்புக் கலையாமல் வந்தது.
புதனன்றும் அப்படியே,
கழுத்தில் தைல வாடை மட்டும்.
இன்று மண்ணோடு வந்திருக்கிறது.

முப்பத்தொரு வருடம் மண் பார்த்தவள் நான்.
விழுந்து ஒட்டிய மண் வேறு, பூசிய மண் வேறு.
நெஞ்சில் நாலு விரல் தடம் இழுத்திருக்கிறது.
முழங்கை வெள்ளை, முதுகு வெள்ளை.
யார் பூசினார்களோ, இடக்கையால் பூசியிருக்கிறார்கள்.
டேரியனுக்கு வலக்கைதான் எறியும் கை.

பதினாறாம் எண்ணைப் பாருங்கள்.
கோல்பி ரென்ஷா, முதலாண்டு,
அம்மா அனுப்பிய உள்ளாடையில் பெயர் தைத்திருப்பவன்.
மூன்று நாளும் தோள்வரை புல்கறை,
பனியன்வரை சேறு.
வாரம் முழுக்க யார் எறிந்தது, யார் விழுந்தது என்று
கூடையே சொல்கிறது.

நாளை ஏழு மணிக்கு
ஆர்லோ எல்லாத் தாள்களையும் சுவரில் குத்துவான்.
நான் ரெட்ஃபெர்ன் என்று எழுதினால்
ஏழேகால் மணிக்கு ஊருக்குத் தெரியும்,
எட்டுக்கு ரெட்ஃபெர்னுக்கும் தெரியும்.

பூசிய மண் ஒரே அலசலில் போய்விட்டது.
பதினாறை மூன்றாவது தரம் உள்ளே போடுகிறேன்.
தாளில் எங்கள் பெயரை எழுதுகிறேன்,
ஓட்டிஸுக்கு ஒரு புள்ளியைத் தானம் கொடுத்தபடி.

கடைசிக் கட்டம் சமன் முறிக்க:
நம் அணி எத்தனை புள்ளி எடுக்கும்?
கை தன்னாலே பதினாறு என்று எழுதுகிறது.
அடித்துவிட்டு இருபத்துநாலு என்று போடுகிறேன்.
அடித்தது தெரிகிறது.
வேறு தாள் எடுக்கிறேன்.
ஓட்டிஸ் பிறர் கடிதத்தை
உறை பிரிக்காமலே படிக்கிறவர்.